பாசி படியாத பதில்கள்

திருமுல்லைவாயில் வாசகி: புது மீன் தொட்டியில் ஆசை ஆசையாகச் செடி வைத்தேன். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிடலாமா?

கையை எடுங்கள், தாயே! செடியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் குறி சொல்கிறேன். கிரிப்டோகோரைன். பெரும்பாலும் இலங்கை ஓடைகளின் பிள்ளையான வென்ட்டி வகையாக இருக்கும். பண்ணைகளில் இதைத் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்த்துத்தான் விற்கிறார்கள். காற்றுக்குப் பழகிய இலை தண்ணீருக்குள் போனதும் கரைகிறது. வேர் உயிரோடுதான் இருக்கிறது. கரைந்த இலைகளை மட்டும் கத்தரித்து எடுத்துவிடுங்கள். அழுகவிட்டால் தண்ணீர் கெடும். சில வாரங்களில் நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டு ஒரு புது இலை எட்டிப் பார்க்கும். அது தண்ணீரிலேயே பிறந்த இலை, நிலைத்து நிற்கும். வேர் பிடித்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கிற வீட்டுக்கு மட்டும் அது வராது.

பாடி வாசகர்: எந்த மீன் வளர்த்தால் ராசி?

உயிரோடு இருக்கும் மீன்.

அம்பத்தூர் ஓ.டி. வாசகர்: எங்கள் போர் தண்ணீர் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. இதில் செடி வளருமா?

வாருங்கள், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! அந்த வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எல்லாச் செடிக்கும் கரி வேண்டும். பல செடிகள் கரியமில வாயுவாக வந்தால்தான் எடுத்துக்கொள்ளும். வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் அப்படியல்ல. பைகார்பனேட்டிலிருந்தே கரியைப் பிரித்துச் சாப்பிடும் சாமர்த்தியம் அவற்றுக்கு உண்டு. கரியமில வாயு சிலிண்டர் வேண்டாம், ஈஸ்ட்டும் சர்க்கரையும் கரைத்த பாட்டில் வேண்டாம். உங்கள் போர் தண்ணீரே அவற்றுக்கு விருந்து! (நாக்கில் கரிக்கிற தண்ணீர் என்றால் சங்கதி வேறு. நல்ல தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும்.)

இரண்டுமே நம் ஏரி குளத்துச் செடிகள். நம் ஊர் வெயிலும் அவற்றுக்குப் பழக்கம். அயல்நாட்டுச் செடிகள் பல மே மாதத்தில் 30 டிகிரி தாண்டிய தொட்டியில் துவண்டு கிடக்கும்போது, வேலம்பாசி வாரம் ஒருமுறை கத்தரி கேட்கும். இன்னொன்றும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது: கொட்டி! மூதுரையில் ஔவையார் ஆம்பலுக்கும் நெய்தலுக்கும் பக்கத்தில் வைத்த அதே கொட்டி. குளம் வற்றினாலும் கிழங்காகச் சேற்றில் காத்திருக்கும். கடையில் அபோனோஜெட்டான் என்று கிழங்கு விற்கிறார்களே, அது கொட்டியின் சொந்தக்காரன்தான். வாங்கினால் முழுக்கப் புதைக்காதீர்கள். கிழங்கின் தலை கிராவலுக்கு மேலே தெரியட்டும்.

முகப்பேர் வாசகர்: பிளாஸ்டிக் செடி வைத்தால் பராமரிப்பு மிச்சமாமே?

பிளாஸ்டிக் இலை மீன் கழிவின் அம்மோனியாவை உறிஞ்சாது. அடுத்த கேள்வி!

பூந்தமல்லி வாசகி: மாடித் தோட்ட ரோஜாவுக்கு வாங்கிய யூரியா மீதம் இருக்கிறது. தொட்டிச் செடிக்கு ஒரு சிட்டிகை போடலாமா?

கூடவே கூடாது. யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் உங்கள் சிட்டிகை மீன்களை முடித்துவிடும்.

முதல் மாதம் உரமே வேண்டாம். மீன் கழிவு போதும், விளக்கு ஆறு மணி நேரம் போதும். வெளிச்சமும் உரமும் சேர்ந்து கூடினால் முதலில் கொழுப்பது பாசிதான். பிறகு, மீன் தொட்டிக்கென்றே விற்கும் திரவ உரத்தை, புட்டியில் எழுதியிருப்பதில் பாதி அளவு ஊற்றுங்கள். செடி பசியைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். கீழே உள்ள பழைய இலை முழுசாக மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. பழைய இலையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். நரம்பு பச்சையாக நின்று புது இலை வெளுத்தால் இரும்பு. கிரிப்டோகோரைன் வேரால் சாப்பிடுகிற சாதி. அதற்கு கிராவலுக்குள் உர வில்லை புதைக்கலாம். அனுபியாஸுக்கும் ஜாவா பெரணிக்கும் நேர்மாறு. அவற்றின் தண்டைப் புதைத்தால் அழுகும். மரத்துண்டில் நூலால் கட்டிவிடுங்கள்.

ஆவடி ஒன்பதாம் வகுப்பு மாணவர்: தொட்டியில் செடி நிரம்பிவிட்டது. டேங்க் கிளீனர் மீனும் ஒரு முழம் வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டால் புண்ணியம் என்கிறார் பாட்டி.

தம்பி, பாட்டியின் மனசு நல்ல மனசு. ஆனால் விடாதே. ஏரியை மூடிக் கிடக்கிறதே ஆகாயத்தாமரை, அதன் தாய்நாடு தென் அமெரிக்கா. பூ அழகாக இருக்கிறது என்றுதான் மனிதர்கள் நாடு நாடாகக் கொண்டு போனார்கள். டேங்க் கிளீனரும் அந்தக் கண்டத்து மீன்தான். இன்று சென்னை ஏரிகளில் வலை வீசுகிறவர்களுக்கு அதன் முள் ஒரு தொல்லை, சந்தையில் அதற்கு விலையும் இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. ஒரு ஏரியில் நீ போடும் துண்டுச் செடி அந்த ஏரியோடு நிற்காது. கத்தரித்த செடியை வெயிலில் சருகாகக் காயவைத்து பூந்தொட்டி மண்ணில் போடு. மீனைக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கேட்டுப் பார். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பாட்டியிடமும் இதைப் படித்துக் காட்டு.

கொரட்டூர் வாசகர்: செடியோடு வந்த ஒரு நத்தை ஊராகிவிட்டது. என்ன செய்ய?

மீன் தீனியைப் பாதியாக்குங்கள், நத்தையும் பாதியாகும்.