வில்லன் செத்தான், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்

தமிழ்ப் படத்தில், சிறுவயதில் சிதைக்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டு வேலைகள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆணென்றால் வளர்ந்து கொலைகாரனாக வேண்டும். பெண்ணென்றால் பிணமாக வேண்டும். பிணமாகாத பட்சத்தில், கதாநாயகன் அரிவாள் தூக்குவதற்கான காரணமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டும்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் 1978இல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' தொடங்கிப் பார்த்துக்கொண்டு வரலாம். 'ஆளவந்தான்' (2001) சித்தியிடம் வதைபட்டவன். 'காதல் கொண்டேன்' (2003) அடிமை வேலைக்குப் போன சிறுவன். 'நடுநிசி நாய்கள்' (2011) பெற்ற தகப்பனாலேயே நாசமாக்கப்பட்டவன். எல்லோருக்கும் கடைசியில் கிடைத்த பதவி ஒன்றே: சைக்கோ. மங்கிய நிறத்தில் ஒரு பழைய கதை, பின்னால் ஒரு வயலின், பிறகு கத்தி. அதே கொடுமையைப் பட்ட ஆண்கள் எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் வலை வீசுகிறார்கள், வயலுக்குப் போகிறார்கள், தங்கள் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள். அவர்களில் ஒருவன் நாற்பது வயதில் வாய் திறக்க நினைத்தால், அவனுக்காகச் சினிமா எங்கள் கண்ணில் பொருத்தி வைத்திருக்கும் பார்வை இது: இவன் எப்போது கத்தி எடுப்பானோ! அதனால் அவன் வாய் திறப்பதில்லை.

பெண்பிள்ளையின் பங்கு இதைவிடச் சுருக்கம். 'மகாராஜா' (2024) ஊரெல்லாம் ஓடியது, சீனாவிலும் ஓடியது. குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று ஒரு தகப்பன் பொலிசுக்குப் போகிறான். சிரிக்கிறோம். அந்தத் தொட்டிக்குப் பின்னால் அவன் மகளுக்கு நடந்த கொடுமை இருக்கிறது என்பது பின்பாதியில் வருகிறது. என்ன கெட்டித்தனம்! கடைசியில் அந்த மகள் நிமிர்ந்து நின்று பேசுகிறாள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்த சனம் மெச்சியது அவளையா, முடிச்சு அவிழ்ந்த விதத்தையா? ஒரு பிள்ளையின் நாசம் முதல் பாதியில் ஒளித்து வைக்கத்தக்க நல்ல சரக்கு என்று கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு மாலை போடத்தான் வேண்டும்.

மாலை போடுவதற்கு எங்களை விட்டால் ஆள் ஏது? வாவியின் எழுவான்கரை முதல் படுவான்கரை வரை நாங்கள் நீதிமான்கள். சந்தேகமென்றால் இப்படியொரு படம் ஓடும்போது மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டருக்கு வாருங்கள். வில்லன் முழங்காலில் நிற்கிறான், கதாநாயகன் அரிவாளை ஓங்குகிறான். "வெட்டுடா அவன!" என்று பின்வரிசையில் எழும் குரலில் கூரை அதிரும். அந்தக் குரல் கோயில் நிர்வாக சபையில் இருக்கிறது, மாதர் சங்கத்துக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கிறது, சிறுவர் தினத்தில் ஒலிவாங்கி பிடித்துப் பேசுகிறது.

அடுத்த கிழமை அதே குரல், இரண்டு பெரியவர்களை இருபுறமும் வைத்துக்கொண்டு, ஊரில் ஒரு தாயின் படலையைத் தட்டும். "நடந்தது நடந்து போச்சு தங்கச்சி. வழக்கெண்டு போனா ஊரெல்லாம் தெரிஞ்சிரும். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேச வேணாமா? அவனும் குடும்பகாரன்." குரல் இப்போது மிருதுவாக இருக்கும். அரிவாள் தியேட்டரிலேயே விடப்பட்டிருக்கும். மாலைக்குள் முறைப்பாட்டை மீளப்பெறும் கடிதம் எழுதியாகிவிடும், அடுத்த தவணைக்குள் பிணைக்கு ஆள் தயார். சந்தேகநபர் திருவிழாவில் வழக்கம்போலத் தேர்வடம் பிடிப்பார். பிள்ளை பள்ளிக்கூடம் மாற்றப்படுவாள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் குடி தாய்வழி, வீடு பெண்பிள்ளைக்கு. வெளியூரார் கேட்டு வியக்கும் வழக்கம், நாங்களும் கருத்தரங்குகளில் பெருமையாகச் சொல்வோம். உறுதியில் பெயர் அவளுடையது. அந்த வீட்டுக்குள்ளேயே, மாமன் என்றும் பெரியப்பன் என்றும் சித்தப்பன் என்றும் உள்ளே வந்துபோகிறவன் கைவைத்தால் அவள் எங்கே ஓடுவது? சினிமா இங்கேதான் எங்களுக்குப் பேருதவி செய்கிறது. அதன் வில்லன் வெளியூர்க்காரன், கஞ்சாக் குடியன், கண் சிவந்தவன், பாழடைந்த கட்டடத்தில் தனியே இருப்பவன். 2009இல் வந்த 'அச்சமுண்டு! அச்சமுண்டு!' அவனை நியூஜெர்சி வரை அனுப்பி வெள்ளைக்காரனாகவே ஆக்கிவிட்டது. சிறுவர் துஷ்பிரயோகத்தைத் தமிழில் துணிந்து தொட்ட படம் அது, மரியாதை உண்டு. ஆனால் படம் முடிந்து வீட்டுக்கு வந்து, திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் பெரியப்பாவைப் பார்த்து எங்களுக்கு ஏன் நிம்மதி வந்தது?

வில்லனைக் கொன்றால் கதை முடிந்தது என்பதைப் படத்தில் மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. 2009 மார்ச்சில் திருகோணமலையில் ஆறு வயதுப் பிள்ளை, சில வாரங்களில் மட்டக்களப்பில் எட்டு வயதுப் பிள்ளை. கடத்திக் கொன்றார்கள். பிடிபட்ட முக்கிய சந்தேகநபர்கள் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே செத்துப்போனார்கள். ஊர் பெருமூச்சு விட்டது; கைதட்டியவர்களும் உண்டு. காலடிக்கொரு சோதனைச்சாவடி இருந்த காலத்தில் ஒரு பிள்ளையை எப்படிக் கடத்த முடிந்தது, யார் ஏவினார்கள், யார் வழிவிட்டார்கள்? செத்தவர்கள் சாட்சி சொல்வதில்லை. சொல்லிவிடக் கூடாது என்பவர்களுக்கு இதைவிட நல்ல உச்சக்கட்டம் அமையாது.

அரசாங்கத்தின் திரைக்கதையும் லேசுப்பட்டதல்ல. 2013இல் அது வில்லனைக் கண்டுபிடித்தது: தாய். வறுமை தாங்காமல் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போனவள்தான் பிள்ளையின் பாதுகாப்பின்மைக்குக் காரணமாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போகக் கூடாது, மற்றவள் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவர வேண்டும். டொலர் தீர்ந்த 2022இல் அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைந்தது. பிள்ளைப் பாசம் அந்நியச் செலாவணியோடு ஏறி இறங்கும் என்பதை அப்போது தெரிந்துகொண்டோம். தகப்பனின் பின்னணிக்கு அறிக்கை கேட்ட அலுவலகம் எதையும் நான் பார்த்ததில்லை.

நீதிமன்றத்தையும் விட்டுவைக்க முடியாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கெடுத்தவனுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்று 1995இல் சட்டம் திருத்தினார்கள். கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் தற்றுணிபைக் கட்டிப்போட முடியாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வீட்டுக்கு நடந்து போனவர்கள் உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிந்து சாட்சியமாக்க 1999இலேயே சட்டம் இடமளித்தது. ஆனாலும் பிள்ளை பொலிசில் ஒருமுறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒருமுறை, நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒருமுறை, பிறகு ஆண்டுகள் கழிந்து, குரலே மாறிய வயதில், கூண்டில் ஒருமுறை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வழக்கு முடியும்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கும். இத்தனை தவணைகளைப் படமாக்க எந்தத் தயாரிப்பாளரும் பணம் போட மாட்டார். பாட்டு வைக்க இடமில்லை.

சிறுவர்களுக்காக இந்த நாடு மின்னல் வேகத்தில் பாய்ந்த சம்பவமும் ஒன்றுண்டு, மறைக்கக் கூடாது. சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' படத்தை வயதுவந்தோருக்காகத் தணிக்கைச் சபை அனுமதித்திருந்தது. 2006இல் அமைச்சர் தடுத்தார். நடித்த சிறுவனைத் துஷ்பிரயோகம் செய்ததாக இயக்குநர் மீதே விசாரணை போனது. சிறுவர் நடிகரை எப்படி நடத்த வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். தமிழ்ப் படங்களில் பிள்ளைகளை அலறவைத்து 'இயல்பாக' எடுப்பவர்களிடமும் அதைக் கேட்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள்ளும் விடுதிக்குள்ளும் நடப்பதில் வராத அந்த அவசரம், திரையில் வந்ததும் எங்கிருந்து வந்தது?

இத்தனை வசைக்கும் நடுவே இரண்டு படங்களுக்கு விலக்கு உண்டு. 'கார்கி'யில் (2022) சாய் பல்லவியின் பாத்திரம் தகப்பன் குற்றமற்றவன் என்று படம் முழுக்க ஓடுகிறது. கடைசியில் அவனும்தான் செய்தவன் என்று தெரிகிறது. வில்லன் வெளியூரில் இல்லை, அவள் சோறு போட்ட கோப்பையில் சாப்பிட்டவன். அந்த முடிவில் எங்களூர்ப் பின்வரிசை கத்தியிருக்காது, கால்விரலைப் பார்த்திருக்கும். 'சித்தா'வில் (2023) பழிவாங்கப் புறப்படும் சித்தப்பனை, சிறுவயதில் அதே காயம் பட்ட ஒருத்தி பிள்ளையின் பக்கம் திருப்புகிறாள். அவள் கத்தி எடுக்கவில்லை, பிணமாகவும் இல்லை. வேலைக்குப் போகிறாள், காதலிக்கிறாள், காயத்தோடு வாழ்கிறாள். ஐம்பது ஆண்டாகத் தமிழ்த் திரை மறந்துபோன ஆள் அவள்.

எங்கள் ஊர் மறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் கண்ணகை அம்மன் கதவு திறக்கும். கண்ணகி வழக்குரை பாடுவோம். அநீதி பட்ட ஒருத்தி அரசனின் சபையேறி வழக்குரைத்து மதுரையை எரித்த கதை. அதோடு எங்கள் முன்னோர் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. கொதித்து நிற்பவளைக் குளிர்விக்காமல் சடங்கு முடியாது என்று தெரிந்து, கடைசியில் குளிர்த்தி வைத்தார்கள். சினிமா மதுரை எரிந்ததும் 'வணக்கம்' போடுகிறது. நாங்களோ ஆண்டுதோறும் வழக்குரை பாடிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வழக்குக்குப் போகாதே என்கிறோம். குளிர்த்தி தெய்வத்துக்கு மட்டும்.

குளிர்விக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கும் வேறெங்கும் போகத் தேவையில்லை. போரின் நடுவே, 1996இல், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாக, மாதக்கணக்கில் வந்து, களிமண் பிசைந்து, நிறம் பூசி, கதை கட்டிப் பழகினார்கள். யாரும் "என்ன நடந்தது சொல்லு" என்று உலுக்கவில்லை. படத்தில் அதற்கு மூன்று நிமிடப் பாட்டு, ஒரு ஐஸ்கிரீம், கடற்கரையில் ஓடும் நாய்க்குட்டி போதும்.

இயக்குநர்கள் கேட்பார்களோ என்னவோ, இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று. ஊரில் ஒரு தாயின் படலையைத் தட்டப்போகும் குழுவுக்கு என்றாவது ஒருநாள் உங்களையும் கூப்பிடுவார்கள். படித்தவர், நாலு பேர் மதிப்பவர், நீங்கள் வந்தால் நல்லது என்பார்கள். போகாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929, கட்டணமில்லை, இரவிலும் எடுக்கலாம். அந்த அழைப்பை எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை சாட்சி சொல்லப் போகும் ஒவ்வொரு தவணைக்கும் அந்தத் தாயோடு கூடப் போங்கள்.