புதினாவும் வெல்டிங்கும்

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் தலைமுழுகியது. என் வீட்டுப் பெட்டியில் இருந்தது அதுதான். விண்டோஸ் 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 என்று ஒரு சங்கதி வேண்டுமாம். பன்னிரண்டு வயதுப் பெட்டி அதற்கு எங்கே போகும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவன் நான். புதுசு வாங்க தீபாவளி போனஸ் தர வேண்டிய முதலாளியும் நானே. அவர் கையை விரித்துவிட்டார்.

"சித்தப்பா, லினக்ஸ் போடுங்க. மின்ட்னு ஒண்ணு இருக்கு. காசே கிடையாது" என்றான் அண்ணன் மகன், பெங்களூரிலிருந்து.

அவன் சொன்னால் கேட்கலாம். 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் வாங்கிய பிள்ளை அவன். அதில் விண்டோசோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்சையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருப் பையன்கள் பாஸிடம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அதை அழிப்பது எப்படி. இவன் மட்டும் அழிக்கவில்லை. சோம்பேறி என்று நினைத்தேன். இன்று ஏதோ கம்பெனியில் சர்வர் பார்க்கிறான். அழித்தவர்களில் ஒருவன் எனக்கே ஒருமுறை ஆட்டோ ஓட்டினான்.

ஆக, புதினாவை பென் டிரைவில் இறக்கினேன். இறக்கினது பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க 64 எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. அவர்கள் கொடுத்ததும் நமக்கு வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தம்தான். நான் 64 பொருத்தமும் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. முகூர்த்தம்தான் அமையவில்லை.

முதல் தடவை, திரை நிறைய வெள்ளை எழுத்து ஓடி, கடைசி வரியில் 'கெர்னல் பேனிக்' என்று நின்றது. பட்டாளத்தில் கர்னலே பயந்துவிட்டால் சிப்பாய் என்ன செய்ய முடியும்? பெங்களூருக்குப் போன் போட்டேன். "ராம் கழட்டி, ரப்பர் வெச்சு தேயுங்க சித்தப்பா."

பெட்டியைத் திறந்தேன். ஃபேன் இறக்கைகளில் தூசி, போர்வைப் பஞ்சு மாதிரி. மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடு. ராம் பட்டையின் இரண்டு பக்கக் கொக்கியையும் தள்ளினால் அது லேசாக எம்பி வருகிறது. அடியில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள், கறுத்துக் கிடந்தன. மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, ஒன்றாம் வகுப்புக் கையெழுத்தை அழிக்கிற மாதிரி மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கறுத்தது, பற்கள் மின்னின. 'டக்' என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்திப் பொருத்தினேன். கர்னலுக்குத் தைரியம் வந்துவிட்டது.

அப்புறம் 'பார்ட்டிஷன்' கேட்டது. எங்கள் குடும்பத்தில் பார்ட்டிஷன் என்றால் பெரியப்பாவும் அப்பாவும் பேசாமலிருந்த பதினோரு வருஷம். இங்கே ஒரே பட்டனில் முடிந்தது. அடுத்து 'மவுன்ட்'. மெட்ராஸ்காரனுக்கு மவுன்ட் என்றால் பீச்சில் ஏறி இறங்குகிற ஸ்டேஷன். இதற்கு வேறு அர்த்தமாம். எதையோ அமுக்கினேன். பழையதை எல்லாம் அழித்துவிட்டு, ஃபைல்களைக் கொட்ட ஆரம்பித்தது. பச்சைப் பட்டை பாதி தூரம் ஊர்ந்திருக்கும். ட்யூப்லைட் ஒரு கண் சிமிட்டியது. திரை கறுத்தது. பெட்டி முதலிலிருந்து தொடங்கியது.

விண்டோஸ் போயிற்று, புதினாவும் வரவில்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா.

மறுபடி போட்டேன். முக்காலில் போயிற்று. மறுபடி. கால்வாசியில். "அந்தப் பட்டறைக்காரன் பத்த வெக்கும்போதெல்லாம் என் மிக்ஸியும்தாங்க இழுக்குது" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. கம்ப்யூட்டர் சமாசாரத்தில் மிக்ஸிக்கு என்ன வேலை என்று நான் பதில் சொல்லவில்லை. கவனிக்க வேண்டிய பெரிய விஷயங்கள் எனக்கு இருந்தன.

ராமைப் பரிசோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் பிழை பூஜ்யம். ஒரு தடவை கூட அணையவில்லை. ராத்திரியில் யோக்கியன், பகலில் அயோக்கியன். மனுஷனில் தலைகீழாகத்தானே பார்த்திருக்கிறோம்!

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைப் பையன் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டிப் பார்த்தான். "இங்க ஜோரா ஓடுது சார். உங்க வீட்லதான் ஓட மாட்டேங்குது." டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பல்வலி நின்ற கதை. "போர்டு வீக்கா இருக்கலாம்" என்றும் ஒரு வார்த்தை போட்டு வைத்தான். முந்நூறு ரூபாய்.

மேடையிலேயே மானம் போனவர்கள் இருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் விண்டோஸ் 98-ஐக் காட்டும்போது ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள், நீலத்திரை. பக்கத்தில் நின்றவர் பில் கேட்ஸ். அவரும் சிரித்துச் சமாளித்தார். எனக்கு ஜி.எஸ்.டி. கெடு 20-ம் தேதி, சிரிப்பு வரவில்லை.

என்னைக் கேட்டால் 2012 தேவலை. அப்போது சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. எக்ஸ்.பி. சி.டி.யைப் போட்டால் 'இன்னும் 39 நிமிடம்' என்று காட்டும். அந்த 39 நிமிடமும் மின்வெட்டுக்கு முன்னால் அடங்குமா என்று கடிகாரத்தைப் பார்த்துதான் ஆரம்பிப்போம். கரண்ட் போனால் போனது என்று தெரியும், எப்போது வரும் என்றும் தெரியும். எதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தான்.

இதற்குள் கெடுவை 25 வரை தள்ளிவைத்தார்கள். 20-ம் தேதி தீபாவளி. எண்ணெய்க் குளியல், லேகியம், இட்லி, வடைகறி. மத்தியானம் தூக்கம் வராமல், தோற்றவன் வீம்பில் இன்னொரு தடவை போட்டேன். அரை மணியில், ஒரு சிணுங்கலும் இல்லாமல் முடிந்தது. பச்சை இலைப் படம் திரையில் வந்து நின்றது. பெங்களூருக்குப் போன் போட்டு, என்ன தப்பு, எப்படிச் சரிசெய்தேன் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த இரண்டு நாளில் ஒன்று பாக்கி வைத்து மற்ற ரிட்டர்னையெல்லாம் முடித்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கடைசி ரிட்டர்னுக்கு ஓ.டி.பி. வந்து, ஆறு எண்ணில் நான்கை அடித்திருக்கிறேன். ட்யூப்லைட் சிமிட்டியது. கறுப்பு. ஜன்னலுக்கு வெளியே நீல வெளிச்சம் பளீரென்று அடித்தது. அடுப்படியில் மிக்ஸி முனகி ஓய்ந்தது.

"லீவு முடிஞ்சு பத்த வெச்சுட்டான்" என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வெல்டிங் ராடு இரும்பைத் தொடுகிற கணத்தில் கரண்டை ஒரு வாய் நிறைய இழுக்கும். தெருவில் வோல்டேஜ் அந்த நேரம் படுத்துவிடும். நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலையடிக்கிறது, பெட்டிக்குக் கரண்ட் ஊட்டுகிற எஸ்.எம்.பி.எஸ். நல்லதாக இருந்தால் ஏறக்குறைய ஒரு அலை நேரமாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். பன்னிரண்டு வருஷத்தில் என்னுடையதன் கப்பாசிட்டர்கள் காய்ந்துபோய், அந்த மூச்சு போய்விட்டது. 1964-ல் எஸ்டேட் வந்ததிலிருந்து வீடும் பட்டறையும் சுவரோடு சுவராக வாழ்கிற ஊர் இது. இத்தனை நாள் குடியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

யு.பி.எஸ். இல்லையா என்பீர்கள். இருந்தது. பாட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்ததால், உயிரோடிருப்பது போல ஒரு தோற்றம்.

பக்கத்துக் கிரில் பட்டறைக்குப் போனேன். சண்டைக்கு அல்ல, அவர் தொழிலை அவர் செய்கிறார். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுக்கதையையும் கேட்டார்.

"இன்னா சார் நீ, மொதல்லயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ரெண்டு பேருக்கும் ஒரே ஃபேஸு சார். ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் சாப்பாடு, ராடையே தொட மாட்டோம். அந்த டைம்ல நீ இன்னா வேணா போட்டுக்க."

யு.பி.எஸ்.ஸுக்குப் புது பாட்டரி வாங்கிவிட்டேன், 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர். இருந்தாலும் பெரிய அப்டேட் எது வந்தாலும் மதியம் ஒன்றடித்த பிறகுதான் பட்டனை அமுக்குகிறேன். எங்கள் வீட்டில் சட்னி அரைப்பதும் அப்போதுதான்.