செட்டாயிடுச்சுண்ணா!

எங்கள் ஊர் காணையில் டிவிஎஸ் ஃபிஃப்டிக்குச் சாவே கிடையாது. பெட்ரோல் டேங்க் ஒழுகினால் சலவை சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். சைலன்சரில் ஓட்டையா, எம்-சீல். ஸ்டாண்டு ஸ்பிரிங் அறுந்தால் பழைய டியூபைக் கீறி இழுத்து ஒரு கட்டு. எங்கள் மெக்கானிக்கின் பெயின்ட் டப்பா நிறைய போல்ட் கிடக்கும். எது எந்த வண்டியில் கழன்றது என்று அவருக்கே தெரியாது. கண்ணை இடுக்கி ஒன்றை எடுப்பார், திருகிப் பார்ப்பார், "செட்டாயிடுச்சுண்ணா" என்பார். வண்டியைப் பூட்டி முடித்ததும் தரையில் எப்படியும் இரண்டு மிஞ்சும். "அது கம்பெனிக்காரன் சும்மா போட்டதுண்ணா."

இந்த வண்டியில் மூன்று பேராக விழுப்புரம் போய்வரும் எனக்கு, மீனம்பாக்கத்தில் விமான இறக்கையில் வெள்ளி நிறத்தில் ஒட்டு ஒன்றைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது. விசாரித்ததில் அதன் பெயர் ஸ்பீடு டேப். அலுமினியம். எங்கே ஒட்டலாம், எவ்வளவு ஒட்டலாம் என்பதற்கெல்லாம் கையேடு உண்டு. லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை எண்ணுவார்களாம். நம்மவருடைய பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் சீட்டுக்கடியிலேயே தீபாவளி, பொங்கல் இரண்டையும் கொண்டாடியது.

ஆனாலும் நம்ம ஊர் வைத்தியம் அங்கேயும் ஒருமுறை நுழைந்திருக்கிறது. 1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். சுமார் 17,000 அடி உயரத்தில் கேப்டன் டிம் லங்காஸ்டருக்கு எதிரே இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கூடவே அவரும் இடுப்புக்கு மேல் வெளியே! சிப்பந்திகள் காலைப் பிடித்துத் தொங்க, துணை விமானி அலஸ்டர் அட்சிசன் சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். சில மாதங்களில் மறுபடி விமானமும் ஓட்டினார்.

அந்தக் கண்ணாடி அப்போதுதான் புதிதாக மாற்றியது. 90 போல்ட்டில் 84 மெலிசு, அதுவும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. மற்ற 6 நீளம் போதாது. அளவுப் பட்டியலைப் புரட்டாமல், கழற்றிய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே ஜோடி பார்த்திருக்கிறார் பொறுப்பில் இருந்தவர். அந்தப் பழைய போல்ட்டே சரியான அளவு இல்லை என்பது விசாரணையில் வந்த கூத்து.

எங்கள் மெக்கானிக்கிடம் இதை விலாவாரியாகச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தொழில் அக்கறையோடு ரொம்ப நேரம் யோசித்தார்.

"வாஷர் போட்டிருக்கணும்ணா."