ஐந்தரை மணி நேரத்தைத் திருடியது யார்?

கேள்வி: ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் உண்டு. உபுண்டுவில் வேலை முடித்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி நிரபராதி. அது தீர்ந்திருந்தால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்கு ஓடியிருக்கும்; இவ்வளவு சுத்தமாக ஐந்தரை கழித்துக் காட்டாது. ஐந்தரை என்றதுமே பிடிபட வேண்டும்: உலகப் பொது நேரத்துக்கும் (யூடிசி) நம் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதுதான்.

மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். லினக்ஸ் அதில் யூடிசியை எழுதி வைக்கிறது. விண்டோஸோ அதையே உள்ளூர் நேரமென்று படிக்கிறது. நேர மண்டலமே அறியாத டாஸ் காலத்துப் பரம்பரைப் பழக்கம் அது. ஒரே கடிகாரம், இரண்டு எஜமானர்கள். பாவம், அது யாருக்கென்று ஓடும்?

உபுண்டு டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை கொடுங்கள். உள்ளூர் நேரம், யூடிசி, வன்பொருள் கடிகாரம் மூன்றையும் காட்டும். கடைசி இரண்டும் ஒத்திருந்தால் லினக்ஸ் பக்கம் தவறில்லை. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் வழி உண்டு. ஆனால் வேண்டாம், அந்தக் கட்டளையே எச்சரிக்கும். விண்டோஸைத் திருத்துவதே நியாயம்: ரெஜிஸ்ட்ரியில் 'டைம்ஜோன்இன்ஃபர்மேஷன்' பகுதியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பை உருவாக்கி 1 கொடுங்கள். பிறகு மறுதொடக்கம் செய்து, இணைய நேரத்தோடு ஒருமுறை ஒத்திசைத்துவிடுங்கள்.