தங்கம் தியேட்டருக்கு எதிரே

நம்முடைய பழைய ஊர்க்காரரிடம் வழி கேட்கப் புகுமுன், மதுரையில் கடந்த அறுபது ஆண்டுகளில் எவையெவை இடிக்கப்பட்டன என்பதைப் பிரயாணி நன்றாகப் பாடம் பண்ணிக்கொண்டு வருவது உசிதம். ரயிலடிக்கு எதிரே, மேல வெளி வீதித் தேநீர்க் கடையின் பெஞ்சியில், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக அமர்ந்து, கிளாசில் பாதிக்குமேல் ஆறிப்போன தேநீருடன் வருவோர் போவோரை அவதானித்துக்கொண்டிருக்கும் அந்த மகாநுபாவர், விலாசச் சீட்டும் கையுமாய் விழிக்கும் அயலூர்க்காரரைக் கண்டுவிட்டால், தாமாகவே எழுந்துவந்து சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதை ஒருமுறை படித்துவிட்டு, பிறகு அதில் கண்ட எதையும் லட்சியம் செய்யாமல் பேசத் தொடங்குவார்.

"நேரா போங்க தம்பி. தங்கம் தியேட்டர் வரும். அதுக்குச் சோத்தாங்கைப் பக்கம் திரும்புனா ஒரு சோடாக் கடை. இப்ப இல்லை. அதைத் தாண்டி அங்கிட்டு ஒரு வேப்பமரம் நின்னுச்சு. அந்த மரத்துக்கு எதுத்த சந்து."

தங்கம் தியேட்டர் வராது. 1952-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்டு, 2,500 பேருக்கு மேல் ஒருங்கே அமரத்தக்க மாளிகையாய், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரார் மார்தட்டிக்கொண்ட அந்தக் கொட்டகை, மூடிக்கிடந்து, பிற்பாடு இடிந்தும் போய், அது நின்ற மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி மனையில் பல மாடி ஜவுளிக் கடையொன்று எழும்பி, இரவில் கண் கூசும்படி விளக்கெரிகிறது. அந்தக் கடையின் பெயரைச் சொன்னால் பச்சைக் குழந்தையும் விரல் நீட்டி வழி காட்டும். ஆனால் பெரியவரின் நாவு அப்பெயரை உச்சரிக்காது. உச்சரித்தால் கொட்டகை இடிந்த விஷயம் ருசுவாகிவிடும் என்று எண்ணுகிறார் போலும்.

இவ்வாறே, மீனாட்சி கோயிலுக்கு வடபுறம் வாகனங்களை மாடி மாடியாக அடுக்கிவைக்கும் கட்டடம் அவருக்கு இன்னமும் 'சென்ட்ரல் மார்க்கெட்'டுதான். தக்காளியும் வாழைத்தாரும் மாட்டுத்தாவணிக்குக் குடிபெயர்ந்து வெகுகாலமாயிற்று என்று நினைவூட்டினால், "அதனால என்ன?" என்பார். 1999-இல் மாட்டுத்தாவணி நிலையம் திறக்கப்பெற்று, வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டபோதிலும், தென்பாண்டிச் சீமைக்குச் செல்பவரை அவர் இன்றளவும் பழங்காநத்தத்துப் பழைய பஸ் நிலையத்திற்கே அனுப்பிவைக்கிறார். பாவம், எத்தனை பேர் பெட்டியும் படுக்கையுமாக அங்கே போய் இறங்கித் திரும்பினார்களோ, சொக்கநாதருக்கே வெளிச்சம்.

இதில் எனக்கு விளங்காத அம்சம் ஒன்று உண்டு. இவ்வூரில் அசையாமல் நிற்கும் அடையாளங்களுக்குப் பஞ்சமே கிடையாது. சுமார் 170 அடி உயர்ந்து, நகரின் எந்த மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படும் தெற்குக் கோபுரத்தை அவர் ஒருநாளும் வழிக்குறியாகச் சொன்னதில்லை. விளக்குத்தூண் அவர் வாயில் வந்ததில்லை. நிற்பவற்றுள் அவர் அங்கீகரித்திருப்பது ஒன்றே ஒன்று: கூடலழகர் கோயிலுக்குரிய பெருமாள் தெப்பக்குளம். அதற்கும் காரணம், டவுன் ஹால் ரோட்டில் நாற்புறமும் கடைகள் சூழ்ந்துகொண்டமையால், அருகிலேயே நின்றாலும் அப்படியொரு குளம் இருப்பதாகச் சத்தியம் செய்தாலும் புதியவன் நம்பமாட்டான் என்பதே.

ஆக, ஒரு வஸ்து அவருடைய மதுரையில் இடம்பெற வேண்டுமானால் முதலில் அது இடிந்தாக வேண்டும். பெரியார் பஸ் நிலையம் பழைய கோலத்தில் இருந்த நாளில், அந்தப் பக்கம் போக நேர்ந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது ஒரு பஸ் ஸ்டாண்டா? நரகம்!" என்று சபித்தவர் இவரேதான். 2016-இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் ஊரின் பெயர் சேர்ந்து, அந்தத் திட்டத்தின்கீழ் நிலையம் தரைமட்டமாக்கப்பட்ட மறுநாளே அது சொர்க்கமாயிற்று. "அங்கன காத்து அப்படி வரும் தம்பி" என்று இப்போது கண் கலங்குகிறார். 2021-இல் எழும்பிய புதிய கட்டடத்தின் நிழலில் நின்றபடியேதான் இந்தப் பிரலாபம்.

பெரியவரின் பூர்வீக வீடும் பெருமாள் மேஸ்திரி வீதியில்தான் இருந்தது. அந்த வீதியின் பூர்வோத்தரத்தை அவரிடம் பிரஸ்தாபிக்கலாகாது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் துரை, நாயக்கர் காலக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கத் துணிந்தபோது, இடித்துத் தூர்ப்பவருக்கு அந்த நிலமே சொந்தம் என்று ஜனங்களுக்கு ஆசை காட்டினார். அப்படிப் பிறந்தவையே வெளி வீதிகளும், வேலையை முன்னின்று நடத்தியவர்களின் பெயரைத் தாங்கிய பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். நன்றியுள்ள ஊரார் துரையின் ஞாபகார்த்தமாக நாட்டியதுதான் விளக்குத்தூண். பெரியவரின் மூதாதை ஒருவரும் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு, கடப்பாரையும் கையுமாய் மகா உற்சாகத்தோடு அந்தச் சுவரைப் பெயர்த்திருக்கக்கூடும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அது அபிவிருத்தி. இது அநியாயம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு வந்தது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு காலமெல்லாம் துணி தைத்தவர்களும், பாத்திரமும் புத்தகமும் விற்றவர்களும், எதிரே புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டார்கள். சிற்பங்களுக்கு அது நன்மையென்றே நினைக்கிறேன். ஆனால் நஷ்டம் யாருக்கோ, அவர்கள் பழங்கதை பேசிப் புலம்பவில்லை, நான் கண்ட தையற்காரர் ஒருவர், காஜா எடுத்துக்கொண்டே, "மாடி ஏறி வருவாகளாண்ணே?" என்று மாத்திரம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நம் பெரியவரோ புதுமண்டபத்தை நினைத்து வாரம் தவறாமல் பெருமூச்சு விடுகிறார். ஒரு தலையணை உறை தைக்கவேனும் அந்த மாடிப்படியில் கால் வைத்தாரில்லை. ஆட்சேபம் சொல்ல வேண்டிய காலத்தில் பெஞ்சியை விட்டு எழாமல், எல்லாம் முடிந்தபின் துக்கம் விசாரிக்க முதல் ஆளாய் வரும் இத்தகையோரின் கண்ணீரால் ஊருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இருந்தாலும் ஐப்பசி மழைக்காலத்தில் அவருடன் நடந்து பார்க்க வேண்டும். "இங்கன தண்ணி நிக்கும், அந்த ஓரமா வாங்க" என்று முழங்கையைப் பிடித்து இழுப்பார், சொன்னபடியே நிற்கும். தூர்ந்த அகழி எங்கே, சாக்கடையாகிவிட்ட கிருதுமால் நதிக்கு ஓடிச்சேர்ந்த வாய்க்கால் எங்கே என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரிந்திருக்கிறது. வீதிக்குப் புதிதாகக் கல் பாவிய மேதாவிகள் அவரை அரைநாள் கூட்டிக்கொண்டு சுற்றியிருந்தால் சில இடங்களில் முழங்கால் நனையாமல் தப்பியிருப்போம்.

போன வைகாசியில் அவர் பேத்திக்குக் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகையில் மண்டபத்தின் பெயருக்குக் கீழே, கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில், 'பழைய தங்கம் தியேட்டர் எதிர்ச் சந்து, வேப்பமரம் அருகில்' என்று அச்சாகியிருந்தது. பரமக்குடியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டு வேன் ஜவுளிக் கடையை மும்முறை பிரதட்சிணம் செய்து, நாதஸ்வர ஓசையைக் கேட்டு ஒருவாறு வந்துசேர்ந்தபோது முகூர்த்தத்திற்குச் சில நிமிஷங்களே இருந்தன. பெரியவர் வாசலில் நின்று, பன்னீர்ச் செம்பைச் சாய்த்தபடி, வேர்த்து விறுவிறுத்து இறங்கிய சம்பந்தியைக் கைகூப்பி வரவேற்றார்.

"வாங்க மாமா. வழியில ஒண்ணும் சிரமமில்லையே?"