ஆப்சென்ட்டுக்கும் குலம் கோத்திரம் உண்டு கண்ணு

ஆப்சென்ட் ஆகறதுக்கும் ஒரு படிப்பு வேணும் கண்ணு. தறிக்கு வராம போர்வைய இழுத்து மூடிக்கிட்டுக் கெடந்தா அதுக்குப் பேரு வெறும் சோம்பேறித்தனம். வெண்ணந்தூர்ல ஒரு பொண்ணு பாக்கப் போனாலே குலசாமி எதுன்னு விசாரிக்கற ஆளுங்க நாம. தெனமும் வாயில போட்டு மெல்லற இந்த வார்த்தையோட பூர்வீகத்தை மட்டும் ஒருத்தரும் கேட்டதில்ல.

இது லத்தீன்காரன் ஊட்டுப் புள்ள. 'அப்'னா விலகி, 'எஸ்ஸெ'ன்னா இருக்கறது. பிரெஞ்சு ஊரு வழியா நடந்து 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீசுக்குள்ள வந்து திண்ணை புடிச்சுக்கிச்சு. நல்லாக் கவனி, ஆளே இல்லைன்னு அது சொல்லல. விலகி இருக்கறான்னுதான் சொல்லுது. ஆகக்கூடி கணக்குப்புள்ள நோட்டுல உம் பேருக்கு நேரா ஆப்சென்ட் போட்டார்னா, நீ வேற எங்கியோ பிரசென்ட்டுன்னு அர்த்தம். அது எங்கன்னு உங்க அம்மாளுக்குத் தெரியாம இருந்தாச் சரி.

அந்த 'எங்கியோ'வுக்கும் லத்தீன்காரன் பேரு வெச்சிருக்கான்: 'அலிபி'. 'வேற எடத்துல'ன்னு அர்த்தம். 1872ஆம் வருசத்து சாட்சியச் சட்டத்துல 11ஆவது பிரிவைப் பாரு. கல்கத்தாவுல குத்தம் நடந்துச்சாம், அன்னைக்கு ஆளு லாகூர்ல இருந்தானாம். அது வழக்குக்குப் பொருத்தமான சங்கதின்னு உதாரணம் போட்டிருந்தாங்க. 2024 ஜூலை 1லிருந்து புதுச் சட்டம் வந்திருக்குது. அதுல 9ஆவது பிரிவு. குத்தம் சென்னைக்குக் குடி வந்துருச்சு, ஆளு லடாக்குக்கு ஏறிட்டான். நூத்தம்பது வருசம் யோசிச்சு ஊரை மாத்தியிருக்காங்க, தந்திரம் அதேதான். நீ ராசிபுரத்துல சினிமாப் பாத்துட்டு ஆட்டையாம்பட்டிக்கு முறுக்கு வாங்கப் போனேன்னு சொல்றதா இருந்தா, கையில பொட்டலம் இருக்கணும் தம்பி. கோர்ட்டே அத்தாட்சி கேக்குது, உங்க அம்மா கேக்க மாட்டாளா?

சொந்தபந்தத்தைச் சொன்னா நீ சிரிப்ப. அதே 'எஸ்ஸெ' வயித்துல பொறந்ததுதான் 'பிரசென்ட்', முன்னால இருக்கறது. 'இன்ட்ரஸ்ட்'டும் அங்க பொறந்ததே, நடுவுல இருக்கறது. வட்டிங்கற பொருள் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. வாரா வாரம் தண்டல்காரர் வாசல்ல வண்டிய நிறுத்தறப்ப இந்த மூணு உடன்பொறப்பும் ஒண்ணாக் கூடும். அவரு பிரசென்ட், நாம ஆப்சென்ட், நடுவுல இன்ட்ரஸ்ட்.

சமஸ்கிருதத்து 'அஸ்தி'யும் அதே வம்சம்தான். 'இருக்குது'ன்னு அர்த்தம். அது முன்னால ஒரு 'ந' வெச்சா நாஸ்தி, அதுலிருந்து வந்தவன் நாத்திகன். 1944ல சேலத்துல மாநாடு கூடி நீதிக்கட்சிய திராவிடர் கழகம்னு பேரு மாத்துனாங்களே, அன்னைக்கு அங்க கூடுன கூட்டத்துல, சாமி பக்கம் வராத நாத்திகனும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வராத ஆப்சென்ட்டும் பங்காளிங்கன்னு யாராச்சும் எடுத்துச் சொல்லியிருந்தா கைதட்டு அடங்கியிருக்காது.

நம்ம தமிழ் இதுல இன்னும் கில்லாடி. 'இல்'லுன்னா ஊடு, அதே 'இல்'லுதான் ஒண்ணுமில்லாததுக்கும். இல்லாள்னா ஊட்டுக்காரி. இல்லான்னா கையில காசு இல்லாதவன். முதல் ஆளு கேக்கறதை வாங்கிக் குடுத்துக் குடுத்து ரெண்டாவது ஆளா ஆகறது எங்க காலத்து வழக்கம், அதை உடு. இல்லைங்கற சொல்லே நம்மளுக்கு ஆகாது. வெளக்கை அணைன்னு சொல்லாம குளிர வைன்னு சொல்லுவோம். போறேன்னு சொன்னவனைத் தலையில தட்டி, போயிட்டு வர்றேன்னு சொல்ல வெப்போம். நன்னூல்காரர் இதுக்கு மங்கலம்னு பேரு வெச்சு இலக்கணத்துலயே சேத்துட்டார். ஆனா கடன் கேட்டு வந்தவன்கிட்ட மட்டும் இலக்கணம் பாக்காம இல்லைன்னு பட்டுன்னு சொல்லிருவோம்.

அயர்லாந்துல நெலத்தை வெச்சுக்கிட்டு இங்கிலாந்துல உக்காந்து குத்தகை தின்னவங்களுக்கு 'ஆப்சென்ட்டி'ன்னு பேரு. 1812ல மரியா எட்ஜ்வொர்த்துங்கற அம்மா அதே பேருல நாவலே எழுதுச்சு. நம்ம சேலம் சீமையில 1792ல ரீடு தொரையும் மன்றோ தொரையும் வந்து, நடுவுல ஜமீந்தார் வேண்டாம், உழறவன்கிட்டயே நேரா வரி வாங்கறோம்னு ரயத்துவாரிக்கு அடி போட்டாங்க. ஏட்டளவுல பாத்தா அந்தத் திட்டத்துல ஆப்சென்ட் ஆகறதுக்குச் சந்து ஏது?

இப்ப உன் கதைக்கு வர்றேன். ஆப்பீஸ்காரன் ஆப்சென்ட் ஆனா லீவு எழுதிக் குடுத்துக்குவான். தறிக்கு மாசச் சம்பளம் கெடையாது, நெஞ்சாத்தான் கூலி. ஆகையால நீ சினிமாவுக்குப் போ, கூட்டாளி கல்யாணத்துக்குப் போ, நாஞ் சொல்லிக் குடுத்த லத்தீனையெல்லாம் அங்க அவுத்து உடு. முந்தின நாளே மட்டும் சொல்லிப்போடு, மாத்தாளு வெச்சுக்குவாங்க. உந்தறி நின்னா ஊடை நூல் சுத்துன தார் வேண்டியதில்ல. தார் வேண்டாம்னா அதைச் சுத்தற ஆயாவுக்கு அன்னைக்குக் கூலி இல்ல.