‘கொஞ்சம் தள்ளுங்க’: ஒரு வாக்கிய விசாரணை

புகைப்படக் கலையைப் பற்றிய நூல்கள் ஒளியைப் பற்றியும் நிழலைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் ஏராளமாகப் பேசியிருக்கின்றன. ஆயினும், சங்கமாகக் கூடிப் படம் பிடிக்கப் புறப்படுகிற எந்தக் கூட்டத்திலும், காமிரா உறையிலிருந்து வெளிவருமுன்பே வாயிலிருந்து வெளிவந்துவிடுகிற ‘சார், கொஞ்சம் தள்ளுங்க’ என்னும் வாக்கியத்துக்கு அவற்றில் ஓர் அத்தியாயமேனும் ஒதுக்கப்படாதது அந்த சாஸ்திரத்துக்கு நேர்ந்த பெருங்குறை என்றே கருதுகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழி கூவுமுன் எழுந்து, சென்னையிலிருந்து ஒரு வேனில் இருபது பேராகப் பழவேற்காட்டுக்கும் செஞ்சிக்கும் மாமல்லபுரத்துக்கும் போய்வருகிற ஒரு சிறு சங்கத்தில் பல வருஷங்களாக அங்கத்தினனாக இருந்து, அவ்வாக்கியத்தைப் பிரயோகித்தும், அதைவிட அதிகமாக அதற்கு ஆட்பட்டும் வந்திருக்கிறேன். இந்த விசாரணைக்கு எனக்குள்ள யோக்கியதை அவ்வளவுதான்.

முதலில் இலக்கணம். எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ‘தள்ளுங்க’ என்று யார் சொன்னாலும் ‘எதை?’ என்று கேட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பார். தள்ளுதல் என்பது செயப்படுபொருளை வேண்டி நிற்கும் வினையாதலால், பொருளைச் சொல்லாமல் ஏவினால் ஏவப்பட்டவன் என்ன செய்யக்கூடும் என்பது அவர் கட்சி. நியாயம் அவர் பக்கமே என்றாலும், அந்த வாதம் முடிவதற்குள் சூரியன் பனைமர உயரத்துக்கு ஏறிவிடுகிறபடியால், அவர் ஒருவருக்காக மட்டும் ‘நகருங்க ஐயா’ என்ற தனிப் பிரயோகத்தைச் சங்கம் கைக்கொண்டிருக்கிறது.

‘கொஞ்சம்’ என்பதோ இதைவிடச் சிக்கலானது. பத்தடி முன்னால் ஒருவர் சரியாக நடுவில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வை பக்கவாட்டில் ஏறத்தாழ 10 பாகையே விரிவதால், அவர் ஓரடி விலகி உடம்பையும் ஒடுக்கிக்கொண்டால் போதும். அதே இடத்தில் 16 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 97 பாகை விரிவு. அவர் பதினோரு அடிக்கு மேல் போயாக வேண்டும், அதற்குள் பெரும்பாலும் ஒரு கள்ளிப் புதரோ ஐஸ்கிரீம் வண்டியோ குறுக்கிட்டுவிடும். ஆகவே, கொஞ்சத்தின் நீளம் லென்ஸின் நீளத்துக்கு எதிர்விகிதமாக அமைகிறது என்ற சூத்திரம் பெறப்படுகிறது. அகன்ற லென்ஸ் வைத்திருப்பவர் எவ்வளவு பணிவோடு ‘கொஞ்சம்’ என்றாலும் அதை நம்பலாகாது என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன்.

இனி, இவ்வாக்கியத்தின் உற்பத்திக் காலத்தை நிர்ணயிக்கவேண்டும். 1838-இல் டாகேர் என்பவர் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றைப் படம் பிடித்தார். ஜனங்களும் வண்டிகளும் நடமாடிய வீதிதான்; ஆனால் தகடு ஒளியை உட்கொள்ளச் சில நிமிஷங்கள் பிடித்ததால், நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் ஒருவர் மிச்சமில்லாமல் கரைந்துபோக, ஓரமாக நின்று காலணிக்கு மெருகு போடுவித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் மட்டும் பதிந்தார். நம் பக்கத்திலும் இதே நிலைமைதான். 1850-களிலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. அக்காலத்தில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் ஸ்ரீரங்கத்தையும் காகித நெகட்டிவில் பிடித்த படங்களைப் பார்த்தால், ஊரே காலி செய்துகொண்டு போய்விட்டதோ என்று நினைக்கத் தோன்றும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுக்களை 21 படங்களாகப் பிடித்து, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே சுருளாக ஒட்டியிருக்கிறார். அந்த நீளம் முழுவதிலும் ஒருவர் தலையும் குறுக்கிடவில்லை. (ஓரிரு வருஷங்களில், இதெல்லாம் நிதிநிலைமைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று அரசாங்கம் அவருடைய இலாகாவையே மூடிவிட்டது. அதே அபிப்பிராயம், சற்றுக் கூர்மையான பாஷையில், என் வீட்டிலும் தெரிவிக்கப்பட்டிருக்கிறது.) ட்ரைப் துரைக்கு ‘தள்ளுங்க’ என்று சொல்ல அவசியமே நேர்ந்திருக்காது, மனிதரைத் தள்ளும் வேலையை ரசாயனமே பார்த்துக்கொண்டது. காமிராவின் வேகம் வினாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு என்று ஆன பிறகு, குறுக்கே போகிற காக்கைகூடச் சிறகு சிறகாகப் பதிந்துவிடுவதால், ரசாயனம் கைவிட்ட அந்த வேலை நாக்கின் தலையில் வந்து விழுந்தது. நமது வாக்கியத்தின் ஜனனம் இதுவே என்பது என் சித்தாந்தம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ட்ரைப் துரைக்கு இலவசமாகக் கிடைத்த அந்த மந்தத்தை, எங்கள் அங்கத்தினர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ‘என்.டி. ஃபில்டர்’ என்ற கறுப்புக் கண்ணாடியாக வாங்குகிறார்கள். லென்ஸின் முன் அதைத் திருகினால் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே போகும். அறுபதில் ஒரு வினாடியில் முடியவேண்டிய படம் பதினேழு வினாடிக்கு நீளும். கடல் பாலாகும், மனிதர் ஆவியாவர். நானும் ஒன்று வாங்கினேன். (மேற்படி அபிப்பிராயம் வெளியானது அந்தச் சந்தர்ப்பத்தில்தான்.)

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறை ஏறக்குறைய 90 அடி நீளமுள்ளது, கிழக்கு நோக்கியது, காலை வெயில் அதன்மேல் நேராக விழும். இருபது பேர் தாராளமாக வரிசையாய் நிற்கலாம். ஆனால் அதில் செதுக்கப்பட்ட பூனை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முன்னங்கால்களை உயரத் தூக்கித் தபசு பண்ணுகிற பாவனையில் நிற்கும் அந்தப் பூனைக்கு எதிரே, அதன் காலடியில் எலிகள் கூடியிருப்பதைப் போலவே நாங்கள் இருபது பேரும் கூடிவிடுகிறோம். ஒருவர் குந்துகிறார், ஒருவர் தரையோடு தரையாகக் கிடக்கிறார், எல்லாத் திசையிலிருந்தும் வாக்கியம் ஒலிக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக ஒருவருக்கும் தள்ளாதது அங்கே பூனை ஒன்றுதான்.

இவ்வாக்கியத்துக்கு ஓர் எதிர்மறையும் உண்டு: ‘அப்படியே நில்லுங்க.’ முன்னது சக அங்கத்தினருக்கு, பின்னது உள்ளூர்க்காரருக்கு. கூடை சுமக்கிற அம்மாள், மிதிவண்டியில் போகிற பெரியவர் ஆகியோர் வேலைக்குப் போவதற்காகவே நடக்கிறார்கள் என்பது அந்தச் சமயத்தில் நமக்கு ஞாபகம் வருவதில்லை. இந்தப் பங்கீடு நியாயந்தானா என்பதை ஆராயப் புகுந்தால் கட்டுரை வேறு வழியில் போய்விடும்.

பாறைக்கு வருமுன், விடியற்காலையில், கடற்கரைக் கோயிலுக்குச் சற்று அப்பால் மீனவர்களின் மணலில் நடந்ததைச் சொல்லவேண்டும். படகுகளுக்கிடையே கடலைப் பார்த்து இருபது முக்காலிகள் நின்றன. மூன்று பேர் மூன்று முறை தள்ளச் சொல்லி, நான் கொஞ்சங் கொஞ்சமாக ஒதுக்கப்பட்டு, எல்லோருக்கும் பின்னால் ஒரு வலைக்குவியலின் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியைத் திருகிப் பொத்தானை அழுத்திய மறுகணம், அலைமேலிருந்து ஒரு குரல் வந்தது: “எல்லாம் தள்ளுங்கப்பா, போட்டு வருது!”

எஞ்சினை முடுக்கிக்கொண்டு ஃபைபர் படகு ஒன்று நேரே கரையேற வந்துகொண்டிருந்தது. நான் நீங்கலாகச் சங்கம் முழுவதும் முக்காலிகளை வாரிக்கொண்டு ஓடிற்று. தமிழாசிரியர் ‘எதை?’ என்று கேட்கவில்லை. முதலில் ஓடியவர் அவர்தான்.

பதினேழு வினாடி முடிந்ததும் காமிராவின் முதுகில் படம் தோன்றிற்று. பால் போன்ற கடல், வெறும் மணல், குறுக்கே வெளிறிய கீற்றாக அந்தப் படகு. எங்களவர் ஒருவரும் இல்லை. இடது ஓரத்தில், இவ்வளவு கூச்சலுக்கும் தலை நிமிராமல் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தார்.